எந்தக் கையில் எடுத்த ரத்தம்?

போன மாதம் என் பழைய லேப்பிலிருந்து, இப்போது அங்கே வேலை பார்க்கும் பிரியா ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதிதாக வாங்கிய இயந்திரமாம். ரொட்டி வாட்டும் பெட்டி அளவுதான் இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உள்ளே வைத்தால், அதிலுள்ள சில புரதங்களை அளந்து, காய்ச்சல் வைரஸால் வந்ததா பாக்டீரியாவால் வந்ததா என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுமாம். கீழே ஒரு கேள்வி: "தனாக்கா, இதெல்லாம் இல்லாம நீங்கல்லாம் எப்படித்தான் காலம் தள்ளுனீங்க?"

"சுகமாத்தான்லா இருந்தோம். உன்னை மாதிரி டீயை ஆறவிட்டதில்ல" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டேனே தவிர, கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறு என்ன வேலை? எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது இயந்திரம் வந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. நாங்கள் பட்ட பாடு எங்களோடு போகட்டும். அந்தப் பெட்டியிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். அதற்கு, "எந்தக் கை?" என்று கேட்கத் தெரியாது.

நான் மலேசியாவில், ஜார்ஜ் டவுன் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். காலையில் ஃபெர்ரி, மாலையில் ஃபெர்ரி. படித்தது, பயிற்சி எடுத்தது, கண்ணாடிக் குழாய்களை உடைத்துத் திட்டு வாங்கியது எல்லாம் எல்லாருக்கும் நடந்ததுதான். அதைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விட வைக்க மாட்டேன்.

கனகசபை சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் எங்கள் லேப்பின் தலைவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிளார்க்காக வந்தவராம். மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருந்தும் அவர் பேச்சு மட்டும் கப்பல் ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டது. கத்த மாட்டார். முகம் சுளிக்க மாட்டார். அவர் மேசையில் இரண்டு போத்தல் சாதிக்காய் ஊறல் இருக்கும், ஒன்று இனிப்பு, ஒன்று புளிப்பு. ரிசல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார். இனிப்புப் போத்தலைத் தள்ளினால் அனுப்பலாம் என்று அர்த்தம். புளிப்பைத் தள்ளினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தின்ற புளிப்புச் சாதிக்காயில் என் பல்லே கூசிப்போய்விட்டது.

எந்த ரிசல்ட் விசித்திரமாக இருந்தாலும் அவர் மூன்றே கேள்விதான் கேட்பார்.

"ஆள் என்ன சாப்பிட்டவர்? எந்தக் கை? ஆர் எடுத்தது?"

'ஆர்' என்றால் அவர் பேச்சில் 'யார்'. முதல் கேள்வியின் அருமை எனக்கு ஒரு செட்டியார் புண்ணியத்தில் புரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் என்று எழுதி வந்தது. இயந்திரத்தில் சுற்றி எடுத்தால், மேலே தெளிவாக நிற்க வேண்டிய மஞ்சள் நீர் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அப்போதெல்லாம் அவசரத்துக்குப் புரதத்தின் அளவைப் பார்க்க ஒரு சின்னக் குழல் வைத்திருப்போம். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் நீட்டி, ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. பார்த்தேன். புரதம் தாறுமாறாக எகிறி நிற்கிறது. எனக்குப் படபடப்பு. பெரிய வியாதி ஏதோ என்று ஓடிப்போய்ச் சாரிடம் காட்டினேன்.

சார் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "இது புரதமில்லைப் பிள்ளை. நாசி கண்டார்."

நாசி கண்டார் என்பது எங்கள் ஊர்க் கடைகளில் பல குழம்புகளை ஊற்றித் தரும் சோறு. கொழுப்பும் ஒளியை வளைக்கும் என்பது புத்தகத்தில் இருந்ததுதான். ஆனால் அதன் பெயர் நாசி கண்டார் என்று புத்தகத்தில் இல்லையே! போய்க் கேட்டால் செட்டியார் சிரிக்கிறார். "விடியகாலைல கொஞ்சமாத்தாம்மா சாப்பிட்டேன். குவா பஞ்சிர்." எல்லாக் குழம்பையும் சோறு மூழ்குகிற மாதிரி வெள்ளமாக ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயர். அதுதான் அவருக்குக் கொஞ்சம்.

சரி, புரதத்துக்கு வருகிறேன். ரத்தத்தில் புரதம் என்றால் என்னமோ ஒரே பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பெரிய குடும்பம். அதில் அல்புமின்தான் எண்ணிக்கையில் அதிகம், உருவத்தில் சின்னது. ரத்தத்தின் நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அதன் வேலை. எதிர்ப்புரதங்கள் பெரிய உடம்புக்காரர்கள், கிருமியோடு மல்லுக்கு நிற்பவர்கள். இவர்களைத் தவிர, காய்ச்சல் கண்டதும் ஈரல் அவசர அவசரமாகச் செய்து அனுப்பும் சி.ஆர்.பி. போன்ற புரதங்களும் உண்டு. பாக்டீரியா உள்ளே புகுந்தால் சி.ஆர்.பி. பெரும்பாலும் கிடுகிடுவென்று ஏறும். பல வைரஸ் காய்ச்சல்களில் கொஞ்சமாக ஏறிவிட்டுச் சும்மா இருக்கும். எப்போதும் அப்படி என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ஒரு ஜாடை தெரியும். வைரஸ் கண்ணுக்கே தெரியாத பொடிப்பயல். அவனைத் தேடிப் பிடிப்பதைவிட, அவன் வந்ததும் உடம்பு என்ன ஆட்டம் ஆடுகிறது என்று பார்ப்பது பல சமயம் சுலபம். அந்த ஆட்டம் முழுவதும் புரதங்களில் தெரியும்.

இப்போது சரவணன் கதை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள். தேர் புறப்படும் நாள் என்பதால் ஊரே கலகலவென்று இருக்கிறது. லேப்பில் பாதிப் பேர் லீவு. வார்டிலிருந்து டாக்டர் ஃபாரா போன் செய்தார். மலாய்க்காரப் பெண், சின்ன வயது, ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர். என்னைக் 'கக்' என்றுதான் கூப்பிடுவார், அக்கா என்று அர்த்தம். மலாயில் அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

"கக், டெங்கி கேஸ் சரவணன். நம்பரெல்லாம் அழகா இருக்கு. காய்ச்சல் விட்டிருச்சு. ரத்தத்தோட கெட்டி நேத்தைவிடக் குறைஞ்சிருக்கு. அவரு வீட்டுக்குப் போகணும்னு பேக்கை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஆனா எனக்கு ஆளைப் பார்த்தா பிடிக்கல. கை ஜில்லுன்னு இருக்கு. நீங்க அந்த ரத்தத்தை ஒருதரம் பார்க்கிறீங்களா?"

டெங்கியில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் அடிக்கும்போது அல்ல, விடும்போது. வைரஸோடு உடம்பு போடுகிற சண்டையில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகிப்போய், ரத்தத்தின் நீர் வெளியே கசியும். நீர் போனால் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகும். அது முற்றினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சுருண்டுவிடுவார். அதனால்தான் கெட்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று டாக்டர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். சரவணனுக்கு இறங்கியிருந்தது. நல்ல செய்திதான். அத்தோடு, தனக்கு டெங்கி வந்ததே இல்லை என்று அவர் சாதித்தாலும், பழைய தொற்றை ஞாபகம் வைத்திருக்கும் எதிர்ப்புரதம் வந்த அன்றே எக்கச்சக்கமாக இருந்தது. அவருக்குத் தெரியாமலே எப்போதோ ஒருமுறை வந்து போயிருக்கிறது. இரண்டாம் முறை வரும் டெங்கி கொஞ்சம் பொல்லாதது.

புரதங்களை எடுத்துப் பார்த்தேன். அல்புமின் குறைந்திருக்கிறது. சரி, கசிவில் அது குறையும். சின்ன உருவம், இடுக்கில் நுழைந்து போய்விடும். ஆனால் பெரிய உடம்புக்காரர்களும் அதே அளவுக்குக் குறைந்திருக்கிறார்கள்! அவர்கள் அவ்வளவு லேசில் வெளியே போக மாட்டார்களே? கால்சியம், பொட்டாசியம் எல்லாம் குறைந்திருக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு மட்டும் ஏறியிருக்கிறது.

காகிதத்தைச் சாரிடம் நீட்டினேன். அவர் கை புளிப்புப் போத்தல் பக்கம் போகப் பார்த்து, பாதியில் நின்றது.

"எந்தக் கை?"

"எழுதலைங்க சார்."

"தண்ணி ஏறுற கையில எடுத்திருக்கினம். இதில பாதி ரத்தம், பாதி உப்புத் தண்ணி. ஒருக்கா மேல போய்ப் பாத்திட்டு வாரும் பிள்ளை."

ரத்தம் எடுக்கிற சாமான்களைத் தட்டில் வைத்துக்கொண்டு மேலே போனேன்.

சரவணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பாயான் பாருவில் வீடு, பக்கத்திலேயே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன். விரத தாடி, நெற்றியில் விபூதி, மடியில் ஒரு பை. பைக்குள் மஞ்சள் வேட்டி எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் மனைவி கோமதி. இடது புறங்கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. அதே இடது கையின் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த பிளாஸ்டர். வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"மிஸ்ஸி, என்ன இது, டிரிப் கையிலயே எடுத்திருக்கீங்க?" என்று நர்ஸைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும்.

"அவரு வலது கையைத் தொடவே விட மாட்டேங்கிறாருக்கா. காப்புக் கட்டியிருக்காராம். டிரிப்பைக் கொஞ்சம் நிப்பாட்டிட்டுத்தான் எடுத்தோம்."

கொஞ்சம் நிறுத்தினால் போதாது. அந்தக் கையையே விட்டுவிட வேண்டும். சரவணன் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, அந்தக் கையைக் குடுங்க. கொஞ்சூண்டு ரத்தம் எடுத்துட்டு விட்டுர்றேன்."

"முடியாதுக்கா. காப்புக் கட்டுன கைலா. இதுல ரத்தம் சிந்தக்கூடாது. எங்க காவடி செட்டுல அதான் வழக்கம்."

"போன வருஷம் கன்னத்துல வேல் குத்துனீங்களா இல்லியா?"

"குத்துனேன்."

"முதுகுல கொக்கி?"

"ஆமா, அது நெறைய."

"அப்புறம் இந்தத் துக்குணியூண்டு ஊசிக்கு என்ன வந்துச்சு?"

கோமதி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "அக்கா, காப்பு கீப்பெல்லாம் அப்புறம்லா. இவருக்கு ஊசின்னா பயம். இங்க வந்த அன்னிக்கி ரத்தம் எடுத்தப்போ மயங்கி விழுந்துட்டாரு."

சரவணன் முகம் சிவந்துவிட்டது. "அது வேறக்கா. அங்க முருகன் இருக்கான். இங்க நீங்கதான இருக்கீங்க!"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தா என்னவென்று விசாரித்து, மிஸ்ஸி மலாயில் சொன்னதும் அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கையைத் தொட்டேன். டாக்டர் ஃபாரா சொன்னது சரிதான், பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"வயிறு வலிக்குதா?"

கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலைலேர்ந்து வலிக்குதுக்கா. சொன்னா விட மாட்டாங்க."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுடைய பெண் குறைமாதத்தில் பிறந்தவள். கைக்குள் அடங்குகிற உருவமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாளாம். பிழைத்தால் மூன்று வருஷம் காவடி எடுக்கிறேன் என்று இவர் அந்தப் பெட்டி பக்கத்தில் நின்று வேண்டியிருக்கிறார். இரண்டு முடிந்துவிட்டது. இது மூன்றாவது. "நாளைக்கு நான் மலை ஏறலன்னா பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு இருக்குக்கா" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அப்படிப்பட்டவரிடம் புரதம், கசிவு என்று என்ன பாடம் நடத்துவது? நானும் வருஷா வருஷம் பால்குடம் தூக்குகிறவள்தான்.

முடிவு கட்டியது கோமதிதான். எழுந்தாள். கைப்பையிலிருந்து துவைத்து மடித்த கைக்குட்டையை எடுத்தாள். அவர் வலது மணிக்கட்டில் காப்பு முழுவதும் மறைகிற மாதிரி சுற்றி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"காப்பை நான் பாத்துக்கிறேன். ஒரு சொட்டு இதுல படாது. நீங்க மேல எடுங்கக்கா." பிறகு அவரிடம், "பாப்பாவுக்கு அப்பா வேணும். அதை மொதல்ல முருகன்கிட்ட கேளுங்க" என்றாள்.

அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "முருகா முருகா முருகா" என்று ஆரம்பித்தார். சத்தம் கூடிக்கொண்டே போனது. "குத்துங்கக்கா, குத்துங்க" என்றார்.

"எடுத்து முடிச்சாச்சு தம்பி. கண்ணைத் தொறங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குழாயைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டியதும் மறுபடி மயக்கம் வருகிற மாதிரி ஆகி, மிஸ்ஸி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

கீழே ஓடினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, படியில்தான் ஓடினேன். சுற்றி, பிரித்து, அளந்து பார்த்தால் கதை தலைகீழாகிவிட்டது. ரத்தத்தின் கெட்டி இறங்கவே இல்லை, நேற்றைவிட நன்றாக ஏறியிருந்தது. உப்புத் தண்ணி கலந்ததில்தான் அது இறங்கின மாதிரி வேஷம் போட்டிருக்கிறது. பெரிய உடம்புக்காரர்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கிறார்கள். அல்புமின் மட்டும் தனியாகச் சரிந்து கிடந்தது. கசிவு. சந்தேகமே இல்லை. சார் காகிதத்தைப் பார்த்தார். எந்தப் போத்தலையும் தொடவில்லை. அவரே போனை எடுத்து டாக்டர் ஃபாராவிடம் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார்.

"நல்ல வேளை, வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடல" என்று டாக்டர் ஃபாரா சொன்னது எனக்கே கேட்டது. அவர் சந்தேகப்பட்டிருக்காவிட்டால் அந்த ரத்தம் என் கைக்கே வந்திருக்காது. இதை நான் எங்கே சொன்னாலும் சேர்த்துத்தான் சொல்வேன்.

சரவணனை அனுப்பவில்லை. அவர் குழந்தை மாதிரி அழுதார் என்று மிஸ்ஸி சொன்னாள். மறுநாள் தைப்பூசம். ஊர் முழுக்க உறுமி மேளச் சத்தம். அவருடைய செட்டு முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் படியேறிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே வார்டில் அவர் அழுத்தம் சரிந்தது. டாக்டர்கள் எதிர்பார்த்துத் தயாராக இருந்ததால் உடனே தூக்கி நிறுத்திவிட்டார்கள். முதுகில் கொக்கியும் தோளில் காவடியுமாக, வெயிலில், பாதிப் படியில் அது நடந்திருந்தால்?

பிறகு கசிவு நின்றது, நீர் குழாய்க்குத் திரும்பியது, அல்புமின் மெல்ல மெல்ல ஏறியது. சார் இனிப்புப் போத்தலை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் தண்ணீர்மலை அடிவாரத்தில் நாங்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அண்டாவிலிருந்து மோர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். உறுமி நெருங்கி வந்தது. மயில் காவடி ஒன்று ஆடிக்கொண்டே வந்து எங்கள் பந்தல் முன்னால் இளைப்பாற நின்றது. முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வேல். முதுகெல்லாம் கொக்கி. பார்த்தால் சரவணன்! பக்கத்தில் கோமதி. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் பாவாடையில் ஒரு சின்னப் பெண், கையில் எலுமிச்சம்பழம்.

"அக்கா, இவதான்" என்றாள் கோமதி. குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மோர் கேட்டது.

யாரென்று நான் சொன்னதும் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். "ஓ, உப்புத் தண்ணி சரவணன்! என்ன சாப்பிட்டவர்?"

"விரதம் சார், பாலும் பழமும்தான்" என்று கோமதி அவருக்காகப் பதில் சொன்னாள்.

"எந்தக் கை?"

சரவணன் காவடித் தண்டிலிருந்து வலது கையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சிரித்தோம்.

சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆர் எடுத்தது?"

வாயில் வேல். அவரால் பேச முடியாது. தூக்கிய கையை அப்படியே மலை உச்சிப் பக்கம் நீட்டினார். கோயில் இருக்கும் இடத்தைக் காட்டினார். பிறகு அந்தக் கை மெதுவாக இறங்கி வந்து, மோர்க் கரண்டியோடு நின்ற என்னைக் காட்டியது.

உறுமி மறுபடி அடித்தது. அவர் எழுந்து போய்விட்டார். நான் அழுதுகொண்டே ஊற்றினேன், பாதி மோர் சாரின் செருப்பில்தான் விழுந்தது.